முதுகுவலிக்குக் காரணம் துணியா, கட்டிய விதமா? ஹேமக்கில் 11 இரவுகள்

மூன்றாம் இரவு கழிந்த காலை அந்த ஹேமக்கை, அதாவது இரு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கையை, அவிழ்த்தபோது, இனி இதில் படுப்பதில்லை என்ற முடிவில்தான் இருந்தேன். இடுப்பை நிமிர்த்தவே சில நிமிடங்கள் ஆயின. இரவு படுக்கும்போது தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்த துணியின் அடிப்பாகம் விடியும்போது 26 செ.மீ.க்கு இறங்கியிருந்தது. அந்த இரண்டு அளவுகளையும் ஏதோ ஒரு பழக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். இந்த ஆய்வின் கேள்வியே அங்கிருந்துதான் வந்தது.

துணி மாறவில்லை, ஆள் மாறவில்லை, மரங்களும் மாறவில்லை. ஒரே இரவில் துணி 19 செ.மீ. இறங்கும்படி நீண்டது கயிறு மட்டும்தான். அப்படியென்றால் என் முதுகுவலியில் ஹேமக்கின் பங்கு எவ்வளவு, கயிற்றின் பங்கு எவ்வளவு, நான் படுத்த விதத்தின் பங்கு எவ்வளவு? இதைப் பிரிக்காமல் 'வசதியாக இருக்கிறது' என்றோ 'வசதியாக இல்லை' என்றோ சொன்னால், அதை வைத்து அடுத்தவர் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஹேமக் பற்றிய பேச்சில் நான் அடிக்கடி பார்க்கும் குறை இது. ஒருவருக்கு அது சொர்க்கம், இன்னொருவருக்கு நரகம். பெரும்பாலும் இருவரும் ஒரே வகைத் துணியில், வேறுவேறு கோணத்தில் படுத்திருப்பார்கள்.

எடுத்துக்கொண்ட பொருள்

இது இரு முனைகளிலும் துணியைக் கொசுவிக் கட்டிய சாதாரண வகை ஹேமக். தயாரிப்பாளர் பெயர் இங்கே தேவையில்லை. இதே அமைப்பில் எத்தனையோ நிறுவனங்கள் செய்கின்றன. ஒற்றை அடுக்கு 70 டெனியர் (நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்த துணி. அகலம் 140 செ.மீ. உறையில் போட்டிருந்த நீளம் 300 செ.மீ. ஆனால் அது முனை வளையங்களையும் சேர்த்த கணக்கு. கொசுவம் தொடங்கும் இடத்திலிருந்து மறு கொசுவம் வரை, அதாவது உடல் படுக்கக்கூடிய துணியை மட்டும் அளந்தால் 275 செ.மீ., ஏறத்தாழ 9 அடிதான். இந்த 25 செ.மீ. வித்தியாசம் முதல் நாள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கடைசியில் இதுதான் முக்கியமான எண்ணாக நின்றது.

மேலே கொசுவலை துணியின் விளிம்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. ஜிப் ஒரு பக்கம் மட்டும். வலையைத் தூக்கிப் பிடிக்க மெல்லிய எலாஸ்டிக் கயிறு. கட்டுவதற்கு 6 மி.மீ. நைலான் கயிறு இரண்டும், கம்பிக் கொக்கிகள் இரண்டும் கூடவே வந்தன. தாங்கும் எடை 200 கிலோ என்று ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டிருந்தது.

படுத்தது நான். உயரம் 172 செ.மீ., எடை 70 கிலோ, பெரும்பாலும் ஒருக்களித்துத் தூங்குகிறவன். கீழ் முதுகில் பழைய பிடிப்பு ஒன்று உண்டு. அதனால் என் உடல் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே உணரும் கருவி. மரங்கள் இரண்டுக்கும் இடையே 4 மீட்டர்.

ஒவ்வொரு இரவும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். காலையில் எழுந்தவுடன், காபிக்கு முன்பே, கழுத்து, தோள், கீழ் முதுகு, முழங்கால்–கெண்டைக்கால் என்று நான்கு இடங்களுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 0 என்றால் வலியில்லை, 3 என்றால் அதனாலேயே விழித்துக்கொண்டேன். கயிற்றின் சாய்வை போனில் உள்ள கோணமானியால் அளந்தேன். போனைப் பக்கவாட்டில் நிறுத்தி, நான் படுத்திருக்கும்போது தானாகப் படம் எடுக்க வைத்தேன். தோளையும் குதிகாலையும் ஒரு கோட்டால் இணைத்தால் இடுப்பு அதற்குக் கீழே எவ்வளவு தொங்குகிறது என்று அந்தப் படத்திலிருந்து கணக்கிடலாம். வேறு பெரிய கருவி எதுவும் இல்லை.

முதல் மூன்று இரவுகள்

முதல் இரவு, புதிதாகக் கட்டுகிற எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தொய்வு இருந்தால் முதுகு வளையும், இழுத்துக் கட்டினால் தட்டையாக இருக்கும் என்று நினைத்து இறுக்கிக் கட்டினேன். கட்டிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சரியாகத்தான் தோன்றும். நான் ஏறிப் படுத்தபின் கயிறு கிடைமட்டத்திலிருந்து 15 டிகிரியில் இருந்தது. தட்டையாக இருந்ததா என்றால் இல்லை. துணியின் இரு விளிம்புகளும் விறைத்துக்கொண்டு என் தோள்களை இருபுறமும் அழுத்தின. நடுவில் ஒரு குழி, அதற்குள் நான். கொஞ்சம் புரண்டாலும் கவிழ்ந்துவிடும் போல ஆட்டம். கழுத்து 2, தோள் 2, முதுகு 3, கால் 1. மொத்தம் 8.

இங்கே கொஞ்சம் நின்று கணக்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது வசதியோடு பாதுகாப்பையும் தொடும் கணக்கு. ஹேமக்கில் படுத்தவரின் எடையை இரண்டு கயிறுகளும் மேல்நோக்கி இழுத்துத் தாங்க வேண்டும். கயிறு எவ்வளவு கிடையாகப் போகிறதோ, அதன் இழுவிசையில் மேல்நோக்கிய பங்கு அவ்வளவு குறைவு. அதனால் அதே எடையைத் தாங்க அது இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. என் 70 கிலோவுக்கு, கயிறு 30 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் சரியாக 70 கிலோ இழுவிசை. 15 டிகிரியில் 135 கிலோ. 10 டிகிரியில் 200 கிலோவைத் தாண்டுகிறது. 5 டிகிரியில் 400. அதாவது 200 கிலோ தாங்கும் என்று சீட்டில் போட்ட ஹேமக்கை 10 டிகிரியில் இழுத்துக் கட்டினால், 70 கிலோ ஆள் அசையாமல் படுத்திருக்கும்போதே அதன் கயிறும் கொக்கியும் அந்த எண்ணைத் தொட்டுவிடுகின்றன. தொப்பென்று உட்கார்ந்தால் அதற்கும் மேலே. சீட்டில் எடையை மட்டும் அச்சிட்டு, எந்தக் கோணத்தில் கட்டினால் என்று சொல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த விஷயம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாள் இறுக்கித்தான் கட்டுவார்கள்.

இரண்டாம் இரவு எதிர்ப் பக்கம் போனேன். நன்றாகத் தொய்வு விட்டுக் கட்டியதில் கோணம் 48 டிகிரி. தோள் அழுத்தம் குறைந்தது, ஆட்டமும் நின்றது. ஆனால் நேராகப் படுத்ததால் உடல் வாழைப்பழம் போல வளைந்தது. தூளியில் கிடக்கும் குழந்தைக்கு அந்த வளைவு சுகம். வளர்ந்தவர்களின் முதுகெலும்புக்கு இரவு முழுவதும் அது தண்டனை. முதுகு மறுபடி 3. மொத்தமும் அதே 8.

மூன்றாம் இரவு 30 டிகிரியில் சரியாக வைத்துத்தான் படுத்தேன். அன்று நடந்ததைத் தொடக்கத்திலேயே சொன்னேன். நைலான் எடை ஏறினால் நீளும். ஈரமானால் இன்னும் நீளும். அன்று பனி இறங்கியிருந்தது. நான் தூங்கிய நேரமெல்லாம் கயிறு மெல்ல மெல்ல நீண்டு, 30 டிகிரி எப்போதோ 40ஐத் தாண்டிவிட்டது. ஆக, மூன்று இரவுகளில் எந்த இரவிலும் நான் இந்த ஹேமக்கை அதன் சரியான நிலையில் சோதிக்கவே இல்லை. அப்போதைய கோபத்தில் ஒரு மதிப்புரை எழுதியிருந்தால் அது கயிற்றைப் பற்றிய மதிப்புரையாகத்தான் இருந்திருக்கும்.

பட்டை, கோணம், மூலைவாட்டு

நான்காம் நாள் கயிற்றை நீக்கிவிட்டு 25 மி.மீ. அகல பாலியஸ்டர் பட்டை போட்டேன். பாலியஸ்டர் நைலானை விட மிகக் குறைவாகவே நீளும். மரத்துக்கும் இது நல்லது. மெல்லிய கயிறு முழு இழுவிசையையும் ஒரு கோட்டில் குவித்து மரப்பட்டையை வெட்டும். அந்த மரப்பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உணவுப் பாதை ஓடுகிறது. அகலமான பட்டை அதே விசையைப் பரப்பிவிடும். பட்டையும் கயிறும் ஏறத்தாழ ஒரே எடைதான். தயாரிப்பாளர் முதலிலேயே பட்டை தந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

காலையில் அளந்தபோது துணி 3 செ.மீ.தான் இறங்கியிருந்தது. நேராகவே படுத்தும் மொத்தம் 5ஆகக் குறைந்தது. முதுகு இன்னும் 2இல் நின்றது. பக்கவாட்டுப் படத்தில் இடுப்பு 23 செ.மீ. தொங்கியது.

ஐந்தாம் இரவு மாற்றியது படுக்கும் திசையை மட்டும். தலையைத் துணியின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், கால்களை வலப்பக்கம் என்று மூலைவாட்டில் போட்டேன். இடுப்புத் தொங்கல் 23இலிருந்து 9 செ.மீ.க்கு வந்தது. ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு முடிச்சு கூட மாறவில்லை. கழுத்து 0, முதுகு 0. இரண்டையும் எழுதியபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அன்று மதியமும் அதே மாதிரி ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்தேன். அதே முடிவு.

இது ஏன் இப்படி? கொசுவிக் கட்டிய துணியில் நடுக்கோட்டின் நெடுக்கேதான் வளைவு மிக ஆழம். அந்தக் கோட்டோடு சேர்ந்து படுத்தால் வளைவு முழுவதும் நமக்கே. கோட்டைக் குறுக்கே வெட்டிப் படுத்தால், தலையும் காலும் துணியின் ஓரங்களைக் கீழே தள்ளுகின்றன, நடுப்பகுதி மேலெழுகிறது, படுக்கை தட்டையாகிறது. ஹேமக் என்ற சொல்லே கரீபியத் தீவுகளின் தாயினோ மக்களின் 'ஹமாகா'விலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. யுகாத்தானின் பின்னல் ஹேமக்குகளில் இன்றும் மூலைவாட்டிலோ முழுக்கக் குறுக்காகவோதான் படுக்கிறார்கள். அவற்றின் அகலமே அதற்காகத்தான். துணி ஹேமக்கை முதன்முதலில் பார்க்கும் நாம்தான் கட்டிலின் நினைவில் நேராகப் படுக்கிறோம்.

தட்டையாக வேண்டும் என்று இரு முனைகளிலும் மரக்கட்டை வைத்து விரித்த தோட்டத்து ஹேமக்குகளும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் அவற்றில் உடல் துணிக்குள் இறங்காமல் மேலேயே நிற்கிறது. புரண்டால் கவிழ்த்துவிடும். இரவு முழுக்கத் தூங்க நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரு முனைகளிலும் குறுக்குக் கம்பி வைத்து, விளிம்புகளை வில் போல வளைத்து வெட்டி, படுக்கையைக் கீழே ஆழமாக இறக்கிய 'பிரிட்ஜ்' வகை வேறு. அது நிலையானது, நேராகப் படுக்கலாம். கம்பியின் எடையைச் சுமக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாம் இரவில் புதிதாக ஒரு வலி தலைகாட்டியது. கால் 1இலிருந்து 2ஆக ஏறியது. மூலைவாட்டில் படுத்ததும் துணியின் நடுக்கோடு ஒரு விறைப்பான வரப்பாக எழுந்து கெண்டைக்காலுக்கு அடியில் குறுக்கே ஓடியது. கெண்டைக்கால் அதன்மேல் தங்க, முழங்கால் பின்பக்கமாக அழுந்துகிறது. இதைக் குறித்து வைத்துவிட்டு மேலே போனேன்.

இல்லாத ஒரு கயிறு

ஆறாம் இரவின் மாற்றம் மேல்கயிறு. ஹேமக்காரர்கள் ரிட்ஜ்லைன் என்பார்கள். ஹேமக்கின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, படுத்திருப்பவரின் தலைக்கு மேலே, நீளம் மாறாத ஒரு மெல்லிய கயிறு. மரங்கள் நெருக்கமாக இருந்தாலும் தள்ளி இருந்தாலும், பட்டையைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்திருந்தாலும், துணியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள தூரம் அதே அளவில் நிற்கும். தொய்வு ஒவ்வொரு இரவும் ஒன்றேதான். பரவலாகச் சொல்லப்படும் தொடக்க அளவு, துணி நீளத்தில் 83 சதவீதம். 275க்கு அது 228 செ.மீ. மிகக் குறைவாக நீளும் டைனீமா நூலில் அந்த நீளத்துக்கு ஒன்றைக் கட்டினேன்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. படுத்துக்கொண்டு அந்தக் கயிற்றை இரண்டு விரல்களால் கிள்ளி வளைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் வளைந்தால் சரி. வீணைத் தந்தி போல விறைத்து நின்றால் பட்டைகளை இறுக்கிவிட்டோம், கூடுதல் இழுவிசை முழுவதும் அந்தக் கயிற்றில் ஏறி நிற்கிறது என்று பொருள்; இறங்கித் தளர்த்த வேண்டும். கயிறே தொய்ந்து கிடந்தால் பட்டை போதுமான அளவு இழுபடவில்லை.

பட்டையை மரத்தில் எந்த உயரத்தில் கட்டுவது என்ற கேள்வியும் இதனால் கணக்காகிவிடுகிறது. 228 செ.மீ. மேல்கயிறு இருந்தால் துணியின் அடிப்பாகம் அந்தக் கயிற்றுக்கு ஏறத்தாழ 77 செ.மீ. கீழே இருக்கும். உட்கார வசதியான உயரம் 45 செ.மீ. ஆக மேல்கயிறு 122 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். 4 மீட்டர் இடைவெளியில் பக்கத்துக்கு 86 செ.மீ. மிச்சம், அந்தத் தூரத்தில் பட்டை 30 டிகிரியில் ஏற 50 செ.மீ. கூடும். மரத்தில் கட்ட வேண்டிய இடம் 172 செ.மீ., தற்செயலாக என் உச்சந்தலை உயரம். மரங்கள் 5 மீட்டர் தள்ளி இருந்தால் ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும். கோணமானி இல்லாவிட்டால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் 'ட' வடிவில் விரித்து, இரு விரல் நுனிகளையும் இணைக்கும் கோட்டோடு பட்டை ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். அது 30க்கு அருகில் இருக்கும்.

ஆறாம் இரவின் மதிப்பெண் ஐந்தாம் இரவை விடக் கொஞ்சம்தான் நன்று. தோள் 1இலிருந்து 0. ஆனால் மேல்கயிற்றின் பயன் அந்த ஒரு மதிப்பெண்ணில் இல்லை. அதற்கு முன் ஒவ்வொரு நாளும் கட்டி, படுத்து, இறங்கி, தளர்த்தி, மறுபடி படுத்து என்று 20 நிமிடம் போனது. அன்று முதல் 5 நிமிடம். கிடைத்த வசதியை மறுநாளும் அப்படியே பெற முடிகிறது. இந்த ஹேமக்கின் வடிவமைப்பில் நான் காணும் மிகப் பெரிய குறை இதுதான்: ஒரு சிறு நூல்தான், அது இல்லை. வலையைத் தூக்க எலாஸ்டிக் கயிறு போட்டவர்கள் அதே இடத்தில் நீளாத கயிறு ஒன்றைப் போட்டிருந்தால், வாங்குபவரின் முதல் மூன்று இரவுகள் என்னுடையவை போல இருந்திருக்காது. எலாஸ்டிக் வலையைத் தாங்குகிறது, அவ்வளவுதான். தொய்வைக் கட்டுப்படுத்த அதற்கு வலுவில்லை. இரண்டாம் இரவில் தொய்வு கூடியபோது வலையும் சேர்ந்து இறங்கி முகத்தில் பட்டது.

கீழிருந்து வந்த குளிர்

ஏழாம் இரவு வெப்பநிலை 13 டிகிரிக்குப் போனது. மேலே நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தும் இரண்டு மணிக்கு முதுகும் புட்டமும் சில்லிட்டு விழித்துக்கொண்டேன். தரையில் படுத்துப் பழகியவர்களுக்கு இது புதிராக இருக்கும். ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு இடையே அடைபட்ட காற்றுதான் நம் உடல் சூட்டைத் தப்பவிடாமல் பிடிக்கிறது. முதுகுக்கு அடியில் அந்த இழைகள் நசுங்கிவிட்டால் காற்றும் இல்லை, காப்பும் இல்லை. தரையில் அடியில் ஒரு மெத்தை இருக்கும். இங்கே அடியில் இருப்பது ஒற்றை நைலானும் ஓடும் காற்றும். என் அனுபவத்தில் 20 டிகிரிக்குக் கீழே போனாலே முதுகு அதை உணரத் தொடங்குகிறது.

எட்டாம் இரவு 50 செ.மீ. அகல நுரை மெத்தையை உள்ளே போட்டேன். முதுகு காப்பாற்றப்பட்டது, தோள்கள் வெளியே நின்றன. நள்ளிரவில் மெத்தை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இருந்தோம். இரட்டை அடுக்குத் துணி உள்ள ஹேமக்கில் மெத்தையை இரு அடுக்குகளுக்கும் நடுவே செருகலாம், நகராது. இதில் அந்த வழி இல்லை. ஒன்பதாம் இரவு ஹேமக்குக்கு வெளியே, கீழ்ப்பக்கம் தொங்கவிடும் அடிப்போர்வையைக் கடன் வாங்கிக் கட்டினேன். அண்டர்க்வில்ட் என்று விற்பது அதுதான். உடல் எடை அதன்மேல் விழாததால் நசுங்குவதில்லை. துணியோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் அதில் குளிர்காற்று புகுந்து எல்லாம் வீண். முதல் முறை தொய்வாகக் கட்டிவிட்டு எழுந்து இறுக்கினேன். அதன்பின் காலை வரை விழிக்கவில்லை.

இந்தப் போர்வை இன்னொரு குறையையும் சரிசெய்தது. ஒற்றை அடுக்கு நைலான் முதுகில் விறைப்பாக ஒட்டியிருக்கும்போது கொசு அதன் வழியாகவே கடிக்கும். மேலே அவ்வளவு கவனமாக வலை தைத்தவர்கள் கீழே வழி திறந்து வைத்திருக்கிறார்கள். போர்வை இல்லாத வெப்பமான இரவுகளில் தோளிலும் இடுப்பிலும் தடிப்புகள் எண்ணினேன். வலையும் முழுக்கச் சரியில்லை. அது செவ்வகமாக, நேராகப் படுப்பவரை நினைத்துத் தைக்கப்பட்டது. மூலைவாட்டில் படுத்தால் கால்விரல்கள் வலையில் இடிக்கின்றன. ஹென்னஸி போன்ற ஹேமக்குகளில் துணியையே சமச்சீரற்ற வடிவில், தலைக்கும் காலுக்கும் எதிரெதிர் மூலைகள் நீளும்படி வெட்டியிருப்பார்கள். அதன் பொருத்தம் என் விரல்களில் கொசு கடித்தபோதுதான் முழுக்கப் புரிந்தது.

ஜிப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் எந்தப் பக்கம் ஏறுவது என்பது முடிவாகிவிடுகிறது. நான் தலையை இடமும் காலை வலமும் வைக்கிறவன். ஜிப் அதற்கு ஒத்துவந்தது. எதிர்த் திசையில் படுக்கப் பிடித்தவர் தலைமாட்டையும் கால்மாட்டையும் முனை மாற்றிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் ஜிப் மறுபக்கம் போய் அவருக்கும் ஒத்துவரும். சிலருக்கு ஒரு திசைதான் ஒத்துக்கொள்ளும். வாங்கும் முன் இதைச் சோதிப்பவர்கள் குறைவு.

பத்தாம் இரவு மழை. தார்ப்பாய் மேல்கயிற்றை விட இரு பக்கமும் 30 செ.மீ.க்கு மேல் நீண்டிருந்ததால் சாரல் வரவில்லை. ஆனால் மரத்தில் வழிந்த நீர் பட்டை வழியாகவே உள்ளே நடந்து வந்தது. தார்ப்பாய்க்குக் கீழே, பட்டையில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டதும் நீர் அதில் இறங்கிச் சொட்டிவிட்டது. தலைமாட்டில் முதலிலேயே கட்டியிருந்தேன். கால்மாட்டில் மறந்ததால் ஒரு சாண் நனைந்தது.

ஆடுவது பற்றி

ஹேமக் ஆடுவதால் நன்றாகத் தூக்கம் வரும் என்று சொல்லாதவர் இல்லை. 2011இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஆண்களை மெல்ல ஆடும் கட்டிலில் பகல்தூக்கம் தூங்க வைத்துப் பார்த்தார்கள். அசையாத கட்டிலை விட அதில் அவர்கள் விரைவாகத் தூங்கினார்கள், தூக்கமும் ஆழமாக இருந்தது. ஆனால் அது தட்டையான கட்டில், எந்திரம் ஒரே சீராக ஆட்டியது. என் ஹேமக் படுத்த சில நிமிடங்களில் நின்றுவிடும். முதல் இரவில் அது ஆடிய ஆட்டம் தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்தது. சரியாகத் தொய்வு விட்டபின் வந்த மெல்லிய அசைவு எனக்குப் பிடித்திருந்தது. மதிப்பெண் போட அதில் எதுவும் இல்லை.

எஞ்சி நின்ற வலி

ஆறாம் இரவிலிருந்து பத்தாம் இரவு வரை கழுத்து, தோள், முதுகு மூன்றும் பூஜ்யத்திலேயே இருந்தன. கால் மட்டும் 2. முழங்காலுக்கு அடியில் மடித்த சட்டையை வைத்தால் 1. கோணத்தை 28ஆக்கிப் பார்த்தேன், 33ஆக்கினேன். மேல்கயிற்றை 4 செ.மீ. கூட்டினேன், குறைத்தேன். வரப்பு இடம் மாறியது, போகவில்லை. ஒருக்களித்தால் அது மேல் காலின் முழங்காலில் வந்து நின்றது. கட்டும் விதத்தில் மாற்றக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது துணி.

என் சந்தேகம் அந்த 275 செ.மீ. மீதுதான். துணி நீளம் குறைந்தால், மூலைவாட்டில் படுக்கும்போது கால்கள் கொசுவத்துக்கு மிக அருகே போய்விடுகின்றன. அங்கே துணி விரிய இடமில்லை; எல்லா இழுவிசையும் ஒரு கோட்டில் குவிகிறது. இந்தத் துணியில் நான் நடுக்கோட்டிலிருந்து 20 டிகிரிக்கு மேல் சாய்ந்து படுக்க முடியவில்லை. பதினோராம் இரவு நண்பர் ஒருவரின் 335 செ.மீ., அதாவது 11 அடி ஹேமக்கை அதே மரங்களில் கட்டினேன். மேல்கயிறு 278 செ.மீ. துணி வகை ஏறக்குறைய அதேதான். படத்தில் இடுப்புத் தொங்கல் 5 செ.மீ. காலைச் சீட்டில் நான்கு பூஜ்யம்.

ஆனாலும் ஒரு இரவு, ஒரு உடல். நீளம்தான் காரணம் என்றால் குட்டையானவருக்கு இதே 275 செ.மீ. துணியில் அந்த வலி வரக்கூடாது. என் அக்கா மகளின் உயரம் 152 செ.மீ. பட்டை, மேல்கயிறு, அடிப்போர்வை எல்லாவற்றையும் என் அளவிலேயே விட்டு, உயரத்தை மட்டும் அவள் உட்காரத் தோதாக 5 செ.மீ. இறக்கினேன். வரப்பு பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூலைவாட்டில் படுக்க மட்டும் சொன்னேன். மதிப்பெண் சீட்டை அவளே நிரப்பினாள். முதல் காலை: கழுத்து 1, மற்ற மூன்றும் 0. கழுத்துக்கு என்ன என்று கேட்டேன். "தலையணை பெருசு மாமா, நாளைக்கு வேண்டாம்" என்றாள். இரண்டாம் காலை நான்கும் 0. முழங்காலுக்கு அடியில் ஏதாவது அழுத்தியதா என்று அப்போதுதான் கேட்டேன். எங்கே என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

ஹேமக் இப்போது அவளிடம் இருக்கிறது. பட்டைகளையும் மேல்கயிற்றையும் சேர்த்தே கொடுத்தேன். அதோடு வந்த நைலான் கயிற்றைக் கொடுக்கவில்லை.